சாப்பாடா, மாத்திரையா, ஊசியா? கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எது கைகொடுக்கும்

அம்மா வீட்டிலிருந்து கருப்பட்டி போட்ட உளுந்தங்களி வந்து இறங்கிய அன்றுதான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அப்போது ஆறாம் மாதம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 158. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். "இவ இனிப்பே திங்க மாட்டாளே" என்று ஆச்சி அழுதாள். தின்ற இனிப்பு மட்டும் காரணமில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக் கணையம் சுரக்கும் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. கணையத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாதபோது சர்க்கரை ஏறிவிடுகிறது.

முதல் வழி சாப்பாடும் நடையும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இரண்டு வாரம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே நிற்க வேண்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் எதை விட, எதை வைக்க? கருப்பட்டியை விட்டே ஆக வேண்டும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்று அம்பாசமுத்திரம் முழுக்க நம்புகிறார்கள். ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உளுந்து மேல் ஆசையா, களியை விட்டுவிட்டு உளுந்தஞ்சோறு பொங்குங்கள். கறுப்பு உளுந்தைக் கூட்டி, அரிசியைக் குறைத்து, எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிட்டால் வயிறும் நிறையும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். தேங்காய்ப்பால் சொதியைக் குறை சொல்ல வேண்டாம், அதற்காகப் போட்டுக்கொள்ளும் நாலு கரண்டி சோறுதான் ஏற்றுகிறது. கேப்பை நல்லது என்று கூழாகக் கரைத்துக் குடித்தேன், சோற்றைவிடக் கூட ஏறியது. அடையாகத் தட்டியபோது அவ்வளவு இல்லை. காலையில்தான் சர்க்கரை முரண்டு பிடிக்கும். நாலு இட்லிக்கு 152 வந்தது. இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் சாப்பிட்டு, தெருவில் அரை மணி நேரம் நடந்தபோது 117.

ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் எனக்கு 100-க்கு மேலேயே நின்றது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். அது பெரிய தப்பு. பட்டினி கிடந்தால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

அப்புறம் மாத்திரையா ஊசியா என்ற கேள்வி வந்தது. மெட்ஃபார்மின் என்ற மாத்திரை சுலபம். குத்த வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், விலையும் குறைவு. சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. பிறவிக் குறை வந்ததாக இல்லை. ஆனால் பிள்ளை வளர்ந்த பிறகு எடையில் மாற்றம் உண்டா என்று இன்னும் ஆராய்கிறார்கள். 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கடைசியில் இன்சுலினும் தேவைப்பட்டது.

ஊசியாகப் போடும் இன்சுலின் பிள்ளையிடம் போவதில்லை. அளவையும் தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். சிரமங்களும் உண்டு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வேர்க்கும். உடனே மூன்று ஸ்பூன் சீனியை வாயில் போட வேண்டும். சித்திரை வெயிலில் மருந்தை வெளியே வைக்க முடியாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், டப்பாவில் போட்டு, ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம்.

நான் ஊசியைத்தான் எடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அடங்காதவர்களுக்கு ராத்திரி ஊசி நன்றாகக் கேட்கும், எனக்கு ஒரே வாரத்தில் 91-க்கு வந்தது. ஊசியே முடியாது என்று பயப்படுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரையில் தொடங்கலாம், அதில் பிசகில்லை. "ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் ஊசிதான்" என்று அத்தை பயந்தார்கள். பிள்ளை பிறந்த அன்றே எனக்கு நிறுத்திவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. இந்தச் சர்க்கரை பின்னால் நிலைத்த சர்க்கரையாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். பிள்ளையை ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கு நீங்களும் வெறும் வயிற்றோடு போய், அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.