மொம்போஸா, ஓண்டாவா: மக்தலேனா நதிக்கரையின் இரண்டு பழைய ஊர்கள்

கொலம்பியாவின் மக்தலேனா நதியைப் பற்றிப் படிப்பவர் எவரும் இரண்டு சிற்றூர்களைக் கடந்தே போக வேண்டும். கரீபியக் கடலை ஒட்டிய தாழ்நிலத்தில், சதுப்பும் ஏரிகளும் சூழ இருப்பது மொம்போஸ். அங்கிருந்து நீரோட்டத்தை எதிர்த்துப் பல நூறு கிலோமீட்டர் தெற்கே, மலையடிவாரத்தில் இருப்பது ஓண்டா. இரண்டும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆட்சியில் வேர்கொண்டவை. இரண்டும் புழுக்கம் மிகுந்தவை. இரண்டும் படகுப் போக்குவரத்தால் செழித்து, அது போனதும் ஒடுங்கியவை. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு, அவை ஒடுங்கிய விதத்திலேயே விடை இருக்கிறது.

மொம்போஸை நதியே விட்டு விலகியது. கார்த்தஹேனாத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற சரக்குகள் தங்கிச் சென்ற பணக்கார ஊர் அது. 1810 ஆகஸ்ட் 6 அன்றே ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை அறிவித்த துணிவும், 1812 இல் விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாரின் படைக்கு ஏறத்தாழ 400 பேரைத் தந்த பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஊரை ஒட்டி ஓடிய கிளையில் வண்டல் படிந்து மேடிட்டது. நதிநீரின் பெரும்பகுதி லோபா என்ற மற்றொரு கிளைக்குத் திரும்ப, நீராவிப் படகுகளும் மகாங்கே என்ற ஊரை நாடிப் போயின. வணிகம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுவதற்குப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. வெள்ளைச் சுவர்களும், இரும்புக் கம்பியிட்ட சன்னல்களும், எண்கோணக் கோபுரத்தைச் சுற்றி மாடம் வைத்த சாண்டா பார்பரா தேவாலயமும் அப்படித்தான் பிழைத்தன. 1995 இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கட்டடங்களைவிட என்னை ஈர்ப்பது அங்கே இன்றும் நடக்கும் பொன், வெள்ளிக் கம்பி வேலை. கம்பியை இழுத்து இழுத்து மயிரிழையாக்கி, இரண்டு இழைகளை முறுக்கி, தட்டையாக்கி, சற்றே தடித்த கம்பியாலான சட்டத்துக்குள் சுருள் சுருளாக அடைத்துப் பற்றவைக்கிறார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர் எவரும் அந்தப் பட்டறையில் அமர்ந்தால் அந்நியமாக உணரமாட்டார்.

ஓண்டாவின் கதை வேறு. அங்கே நதியில் பாறைகளும் நீர்விரைவுகளும் குறுக்கிடுவதால், கீழிருந்து வரும் படகுகள் அதற்கு மேல் ஏற முடியாது. நீண்ட கழிகளை மார்பில் ஊன்றித் தள்ளி வாரக்கணக்கில் படகை மேலேற்றிய படகோட்டிகளின் உழைப்பு அங்கே முடிய, கோவேறு கழுதைகளின் உழைப்பு தலைநகர் பொகோட்டாவுக்கு ஏறும் மலைப்பாதையில் தொடங்கியது. 1801 இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் இந்த வழியாகத்தான் மேலேறினார். அவர் கண்ட ஓண்டாவின் பெரும்பகுதியை 1805 நிலநடுக்கம் சிதைத்துவிட்டது. எனவே மொம்போஸில் உள்ளதுபோல் குலையாத தெருவரிசையை இங்கே எதிர்பார்ப்பது நியாயமன்று. வளைந்து ஏறும் சில கல் சந்துகளும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நவார்ரோ இரும்புப் பாலமும், மக்தலேனா நதி அருங்காட்சியகமும் உள்ளன. ரயிலும் சாலையும் வந்தபின் துறை ஓய்ந்ததே தவிர, நதி இன்றும் ஊர் நடுவே இரைச்சலோடு ஓடுகிறது.

போய்ச் சேரும் வசதியில் ஓண்டாவே முந்துகிறது. பொகோட்டாவிலிருந்து சாலை வழியே சில மணி நேரப் பயணம். மொம்போஸுக்கு, லோபா கிளையின் மீது 2020 இல் பாலம் திறக்கும்வரை, வண்டியைப் படகிலேற்றிக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை.

பழைய ஊர் ஒன்றை முழுமையாகக் காண விரும்புபவருக்கு மொம்போஸே சரி. புனித வார ஊர்வலங்களின்போது போவது இன்னும் நல்லது. எனக்கோ ஓண்டாவே முதலில். ஆண்டின் தொடக்கத்தில், கோடையில் நீர் வற்றும்போது, மொம்போஸைச் சூழ்ந்த ஏரிகளில் வளர்ந்த போக்காச்சிக்கோ மீன்கள் முட்டையிடுவதற்காக நதியை எதிர்த்து நீந்தி, ஓண்டாவின் பாறைகளுக்கிடையே கூட்டமாகத் திணறுகின்றன. மீனவர்கள் அந்தப் பாறைகளில் நின்று வீச்சுவலையை விரிக்கிறார்கள். அணைகளாலும், ஏரிகளின் சீரழிவாலும், மிகுதியான மீன்பிடிப்பாலும் அந்த வரத்து முன்பு இருந்ததைவிடப் பெரிதும் குறைந்துவிட்டது. மொம்போஸின் சுவர்கள் இன்னும் நெடுநாள் நிற்கும். இந்த மீன் வரத்து எத்தனை கோடைக்கு நீடிக்கும் என்ற கவலைதான் என்னை ஓண்டாவின் பக்கம் இழுக்கிறது.