தோட்ட விளக்கு அமைக்க ஆள் அமர்த்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளக்குகள் அமைக்க ஒப்பந்ததாரர் ஒருவரை அமர்த்தினோம். முழுத் தொகையையும் கொடுத்து முடித்த ஏழாவது மாதத்தில், அவர் போட்ட அத்தனையையும் தோண்டி எடுத்துவிட்டு வேறொருவரைக் கொண்டு முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. பணம் போனது வருத்தம்தான். ஆனால் அந்த ஏழு மாதமும் வீட்டுப் பிள்ளைகள் ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடி விளையாடிய இடத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று தெரிந்த நாளில் ஏற்பட்ட நடுக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அவரை அழைத்தோம். தன் கைபேசியில் இருந்த இரவுநேரப் படங்களைக் காட்டினார். மரங்கள் அடியிலிருந்து ஒளி பெற்று நிற்கும் அழகான படங்கள். அவை அவர் செய்த வேலைதானா என்று நான் கேட்கவில்லை. எல்லா விளக்குகளும் 12 வோல்ட்டில் இயங்கும், மின்மாற்றி சுவரோரம் இருக்கும், தோட்டத்துக்குள் வீட்டு மின்னழுத்தம் வரவே வராது என்று அவர் உறுதி சொன்னதுதான் எங்களை ஒப்புக்கொள்ள வைத்தது. அந்த உறுதிமொழி காகிதத்தில் இல்லை. அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் 'விளக்கு, ஒயர், கூலி' என்ற மூன்று சொற்களும் ஒரு மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. பள்ளம் தோண்டியதும், ஒயர் போட்டதும், மண்ணை மூடியதும் நான் வீட்டில் இல்லாத பகல்பொழுதில் நடந்தன. மாலையில் வந்து பார்த்தபோது எல்லா விளக்குகளும் ஒரே சீராக எரிந்தன. மகிழ்ச்சியோடு மீதித் தொகையைக் கொடுத்துவிட்டேன்.

முதல் பெருமழைக்கு மறுநாளே பாதை விளக்குகளில் பாதி அணைந்தன. வீட்டின் ஆர்சிசிபி அடிக்கடி விழத் தொடங்கியது. கசியும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவை எட்டும்போது இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. பலமுறை அழைத்த பிறகு ஒப்பந்ததாரர் தன் உதவியாளரை அனுப்பினார். அவர் மின்பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு, இனித் தொந்தரவு இருக்காது என்று சொல்லிச் சென்றார். உண்மையிலேயே அதன்பின் கருவி ஒருமுறைகூட விழவில்லை. பழுது நீங்கியதாகவே நம்பினோம்.

சில மாதங்களுக்குப் பின், செடிகளைக் கவனித்துக்கொள்ள வருபவர் ஒரு காலையில் ஓடிவந்து, "ஐயா, மரத்தடி விளக்கில் கை பட்டதும் சுருக்கென்று இழுக்குது" என்றார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் மண்ணை விலக்க விலக்க, நடந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

தோட்டத்தின் கடைசி மரங்கள் மின்மாற்றியிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்குள்ள விளக்குகளின் மொத்தத் திறன் 50 வாட். 12 வோல்ட்டில் அதற்கு நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் தேவை. அவர் போட்டிருந்ததோ 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர 60 மீட்டர் நீளமுள்ள அந்த ஒயரிலேயே ஏறத்தாழ 3 வோல்ட் இழந்துவிடும் என்பதால் கடைசி விளக்குகள் மங்கலாகத்தான் எரிந்திருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருந்தால் இழப்பு ஒன்றேகால் வோல்ட்டுக்குள் அடங்கியிருக்கும். அதற்குச் செலவு செய்ய மனமில்லாமல், கடைசி மரங்களுக்கு மட்டும் வீட்டு மின்னழுத்தத்தில் இயங்கும் விளக்குகளைப் பொருத்தி, நேரடி இணைப்பை எங்களிடம் சொல்லாமலேயே இழுத்திருக்கிறார். முதல் நாள் மாலை நான் பார்த்து மகிழ்ந்த அந்தச் சீரான ஒளிக்குக் காரணம் இதுதான்.

அந்த ஒயர் குழாய்க்குள் செல்லவில்லை, கவசமும் இல்லை. மண்வெட்டி ஒருமுறை இறங்கினால் அறுபடும் ஆழத்தில், ஒரு சாண்கூட இல்லாமல், வெறும் மண்ணில் கிடந்தது. இணைப்புகளில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. இரண்டு இழை ஒயர் என்பதால் விளக்கின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பே கிடையாது. விளக்குகளின் அடியில் ஐபி 44 என்று அச்சிடப்பட்டிருந்தது. அது நீர் தெறிப்பைத் தாங்குவதற்கான தரம். மழையில் தண்ணீர் தேங்கும் தரைமட்டத்தில் வைக்கும் விளக்குக்கு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் ஐபி 67 தரமாவது வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது மின்பெட்டியில் இருந்தது. உதவியாளர் அன்று பழுதைத் தேடவே இல்லை. தோட்டத்து இணைப்பை ஆர்சிசிபியின் பாதுகாப்பிலிருந்து பிரித்து, அதற்கு முன்னால் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கசிவு அப்படியே இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்த கருவியைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். தெரிந்தே செய்தது. படங்களை அனுப்பிக் கேட்டபோது, "மழைக்கு நான் என்ன செய்ய முடியும்" என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பின் அவர் அழைப்பை எடுக்கவில்லை.

புதிய மின்பணியாளரிடம், விளக்கின் தரம், ஒயரின் குறுக்களவு, குழாய், புதைக்கும் ஆழம், இணைப்பு முறை எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன். மீட்டர் அளவுகோலைப் பள்ளத்தில் வைத்துப் படம் எடுத்த பிறகே மண்ணை மூட அனுமதித்தேன். இணைப்புகளைத் தரைக்கு மேலே, நீர் புகாத பெட்டிகளுக்குள் வைத்தார். கடைசி மரங்கள் உட்பட அத்தனையும் இப்போது 12 வோல்ட். தொகையில் ஒரு பகுதியை ஒரு நல்ல மழை கடந்த பிறகே தருவேன் என்று சொன்னபோது, அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே விளக்குகள் இருந்தால், இன்று மாலை அவற்றை எரியவிட்டு, மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். வீடு இருண்டு தோட்டம் மட்டும் தொடர்ந்து எரிந்தால், அந்த இணைப்பு அந்தக் கருவியின் பாதுகாப்பில் இல்லை. உதவியாளர் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் சில மாதம் அப்படித்தான் எரிந்தது.