பந்து வாங்க ஒரு பணம், பயிற்றுநருக்கு வேறு பணம்: அரசுப் பள்ளி விளையாட்டுக்கும் கலைக்கும் எந்த நிதி பொருந்தும்?

600 பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு, ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் விளையாட்டு மானியம் அதிகபட்சம் 25,000 ரூபாய். தலைக்கு 42 ரூபாய்கூட வராது. நடுநிலைப் பள்ளிக்கு 10,000, தொடக்கப் பள்ளிக்கு 5,000. இசைக் கருவியோ வண்ணமோ வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பொதுப் பள்ளி மானியத்தில்தான் கை வைக்க வேண்டும். 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு அது 75,000. அதிலேயே பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போய்விடும். குழாய், மின்விசிறி, எழுதுபொருள் எல்லாம் பார்த்த பிறகு மிருதங்கத்துக்கு என்ன மிஞ்சும்? இந்தப் பணத்துக்கும் உத்தரவாதம் இல்லை. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ-யின் ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று இதே திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

மீதிக்கு வெளியே கை நீட்டத்தான் வேண்டும். யாரிடம் கேட்பது என்பதைவிட, எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் தீரும் பொருளா, மாதாமாதம் சம்பளம் கேட்கும் ஆளா? பள்ளிகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பயிற்றுநருக்கு எவ்வளவு செலவாகும்?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வகுப்பு வரை 100 பேருக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். அதன்படி 2012-ல் தமிழகத்தில் 16,549 பேர் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மே மாத ஊதியம் இல்லாமலே பல ஆண்டுகள் ஓட்டினார்கள். 2024-ல் அது 12,500 ஆனது.

அதே 12,500-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். பதினோரு மாதத்துக்கு 1,37,500 ரூபாய். ஒரு மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு மானியத்தைப் போல ஐந்தரை மடங்கு. ஆள் இல்லாத பள்ளியில் கைப்பந்து வலை பையிலிருந்து வெளியே வராது. ஆர்மோனியத்தின் துருத்தித் தோலை அலமாரியில் எலி கடித்து வைத்திருக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருளைப் புழங்க வைப்பவர் அந்தப் பயிற்றுநர்தான்.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி

தொகை பெரிது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, நம் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. ஆனால் இது நிலையான சொத்துக்கான பணம். சம்பளத்துக்கு ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஆடுகளம், சுற்றுச்சுவர், கலையரங்க மேடை என்றால் இங்கேதான் கேட்க வேண்டும். ‘நமக்கு நாமே’ திட்டமும் இதே ரகம். ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

கோளாறு மதிப்பீட்டில் தொடங்குகிறது. கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர்தானே என்று அந்த அளவுக்கே சமன் செய்துவிடுவார்கள். ஓடி வந்து பந்தெடுக்கச் சுற்றிலும் மூன்று மீட்டராவது வேண்டும் என்றால் 24-க்கு 15 ஆகிறது. கம்பங்கள் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி நிற்க வேண்டும். தண்ணீர் வடிய ஒரு பக்கமாக லேசான சரிவு இல்லாவிட்டால் ஐப்பசியில் களம் குட்டையாகிவிடும். தளத்துக்குக் கப்பி கொட்டிவிட்டால் தையல் பந்து சீக்கிரம் பிரிந்துபோகும். ரப்பர் வார்ப்புப் பந்துதான் தாங்கும். இவற்றையெல்லாம் உடற்கல்வி ஆசிரியர் பொறியாளரோடு உட்கார்ந்து மதிப்பீட்டிலேயே எழுதவைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

கம்பெனிச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுக்குள் வரும் நிறுவனம், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். கல்வி, கலை, ஊரக விளையாட்டுப் பயிற்சி மூன்றுமே அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. பயிற்றுநர் ஊதியத்தையும் திட்டச் செலவாகக் காட்டலாம் என்பது பெரிய வசதி. பெரும்பாலான பள்ளிகள் இதைக் கேட்பதே இல்லை. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் அவசரத்தில் நிறுவனம் ஐம்பது கிட் பையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும். ஜூலையிலேயே போய், ‘தொடர் திட்டம்’ என்று ஒப்பந்தம் கேளுங்கள். தொடங்கும் நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை நீட்ட விதி இடம் தருகிறது. அதற்கு மேல் நம்ப முடியாது.

நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி

2022 டிசம்பரில் தொடங்கிய இந்த அரசுத் தளத்தில் கொடுப்பவர் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். பணம் தனியார் கைக்கு வராததால் கணக்கு வழக்குச் சண்டை குறைவு. ‘விளையாட்டுப் பொருள்கள்’ என்று பொத்தாம் பொதுவாகத் தேவையைப் பதிந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘பறை 6, செயற்கைத் தோல், குச்சி 8 ஜோடி’ என்று எழுதினால் ஒருவர் எடுத்துக்கொள்வார். செயற்கைத் தோல் என்று குறிப்பிடக் காரணம் உண்டு: மாட்டுத்தோல் பறையின் நாதமே தனி, ஆனால் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் தீயில் காய்ச்சப் பள்ளியில் வசதி இருக்காது.

முன்னாள் மாணவர்கள்

எங்கள் வாக்கு இவர்களுக்குத்தான். தொகை சிறிது, ஆனால் வருடா வருடம் வரக்கூடிய ஒரே பணம் இது. 115 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் மேலே சொன்ன 1,37,500 வந்துவிடுகிறது. வைப்பு நிதி போட்டு வட்டியில் நடத்தலாம் என்றால், 7 சதவீத வட்டிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சேர்க்க வேண்டும். பொன்விழா, நூற்றாண்டு விழா காணும் பள்ளிக்கு அது எட்டாத தொகை இல்லை. பெரும்பாலும் அந்தப் பணம் விழா வளைவுக்கும் கல்வெட்டுக்கும் போய்விடுகிறது.

கவனம் தேவைப்படும் இடம் வெளிநாட்டுப் பணம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. வருமான வரிச் சலுகை கேட்பவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: நன்கொடை வரிச் சலுகைக்கான பதிவு (80ஜி என்று அறியப்பட்டது) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது.

பிள்ளைகளிடமே ஆளுக்கு நூறு இருநூறு வசூலிக்கும் யோசனையும் அவ்வப்போது எழும். வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி சட்ட உரிமை. அதற்கு மேலும், பணம் கட்ட முடியாத பிள்ளைதான் முதலில் அணியிலிருந்து விலகும்.

கையில் ஒன்றுமில்லாத பள்ளி இந்த ஜூனில் செய்யக்கூடியது: பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு தீர்மானம் தனித்தனியாக எழுதுங்கள். பொருள்களுக்கு ஒன்று, எண்ணிக்கையோடும் அளவோடும். பயிற்றுநருக்கு ஒன்று, எந்தக் கிழமை, எத்தனை மணி, மாத மதிப்பூதியம் எவ்வளவு என்று. முதல் தாளை அரசுத் தளத்துக்கும் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்புங்கள். இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு பழைய மாணவர்களிடம் போங்கள். ஓராண்டுக்கான முழுத் தொகையும் வங்கியில் சேர்ந்த பிறகே ஆளை அமர்த்துங்கள். நவம்பரில் நிறுத்தப்பட்ட பறை வகுப்புக்கு அடுத்த ஜூனில் பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது மிகக் கடினம்.