ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அனிமேஷன் படம்: டால்சிமுக்கு இவ்வளவுதானா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேமை வைத்து 1994-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தை ஒரு வழியாகப் புளூ-ரேயில் வாங்கிவிட்டேன். அமெரிக்காவில் டிஸ்கோடெக் மீடியா வெளியிட்ட தட்டு. தட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டலம் பிரித்திருக்கிறார்கள். புளூ-ரே கணக்கில் அவர்களும் மலேசியாவில் இருக்கும் நாமும் ஒரே ‘ஏ’ மண்டலம், அதனால் பினாங்கில் வாங்கிய சாதாரண பிளேயரிலேயே ஓடுகிறது. டிவிடி வாங்கினால் இந்த வசதி கிடையாது. அவர்கள் 1, நாம் 3. தபால் செலவோடு சேர்த்து நூற்றைம்பது வெள்ளிக்குக் கிட்ட வந்தது. ஒரு படத்துக்கு இது அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் சண்டை முடிவதற்குள் பாதிக் காசு தேறிவிட்டது.

ராத்திரி, திறந்த புல்வெளி, இடி மின்னல். கதாநாயகன் ரியூவும் தாய்லாந்துச் சண்டைக்காரன் சகாட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். யார், எவர், என்ன பகை என்று ஒரு விளக்கமும் கிடையாது. சகாட்டின் நிற்பைக் கவனியுங்கள்: முன்கால் தரையில் பாரமில்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும், முழங்கால் எந்த நேரமும் மேலே வரத் தயாராக இருக்கும். கெடா பக்கம் தோமோய் என்னும் தாய் பாணிக் குத்துச்சண்டை பார்த்தவர்களுக்கு இது பழகிய நிற்பு. அடி விழும்போது உடம்பு வெறுமனே பின்னால் பறப்பதில்லை. தோள் முதலில் திரும்புகிறது, பிறகு இடுப்பு, கடைசியில்தான் கால் தரையை விடுகிறது. ரியூவின் ஷோர்யூகென், அதாவது எகிறிக் குத்தும் குத்து, சகாட்டின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு மேலே போகும் அந்த ஒரு நொடி, விளையாட்டில் நாம் பார்த்தே பழகிய தழும்பின் பிறந்த கதை. கே-1 கிக்பாக்சிங் போட்டியை ஆரம்பித்த கசுயோஷி இஷியும் கராத்தே வீரர் ஆண்டி ஹக்கும் சண்டைகளுக்கு ஆலோசகர்கள். அது திரையில் தெரிகிறது.

இந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது பாசார் மாலாமில் வாங்கிய விசிடியில். ஒரு விசிடியில் எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும், படமோ நூறு நிமிடத்தைத் தாண்டும். ஆகவே இரண்டு தட்டு. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். வேகமான அசைவு வந்தால் விசிடி தாங்காது, மழையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். புளூ-ரேயில் மழை கோடு கோடாக விழுகிறது, சகாட்டின் மொட்டைத் தலையில் பட்டுத் தெறிப்பது கூடத் தெரிகிறது.

சரி, டால்சிமுக்கு வருவோம். தமிழர்கள் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்ததற்கு அவன் ஒரு முக்கியக் காரணம், மறைக்க வேண்டாம். 1991-இல் விளையாட்டு வந்தபோது தேர்ந்தெடுக்கக் கிடைத்த எட்டுப் பேரில் ஒருவன் இந்தியன். கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பர் போல நீளும் கை கால், வாயில் நெருப்பு, பின்னால் வரிசையாக யானைகள். பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் இருந்த கேம் கடையில், “டேய், உங்க ஆளு இருக்கானே, எடு” என்று சீனப் பையன்கள் என் அண்ணனைச் சீண்டுவார்கள். மானப் பிரச்சினை, எடுத்துத்தான் ஆக வேண்டும். டால்சிமோ புதிதாக ஆடுபவனுக்கு ஏற்ற ஆளே இல்லை. நடை மெதுவு. நீட்டிய கையை எதிராளி அடித்தாலும் அடி நமக்குத்தான். யாராவது துள்ளிக் குதித்து நெருங்கிவிட்டால் தொலைந்தோம். அண்ணனின் டோக்கன்கள் அப்படித்தான் கரைந்தன. “தங்கச்சியைத் தனியா விட்டுட்டுப் போகாதே” என்ற அம்மாவின் உத்தரவால் கூட நின்ற நான், அந்த எட்டுப் பேரில் ஒரே பெண்ணான சுன்-லீயை எடுத்து ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் டால்சிமின் சண்டை கல்கத்தாவில், தெருக்கூட்டத்துக்கு நடுவே, சுமோ வீரன் ஹோண்டாவுடன். தொடக்கம் அருமை. அந்தப் பெரிய உடம்பை அவன் கை தொடாமலே திணறவைக்கிறான். அப்புறம் கை நீள்கிறது. விளையாட்டில் வேடிக்கையாகத் தெரிந்த அந்த நீட்டல் இங்கே பார்க்கக் கொஞ்சம் கூசுகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் நிற்கும் ரியூவின் சக்தியை அவன் உணர்ந்ததும் கவனம் சிதறுகிறது, காட்சியும் கதாநாயகன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதோடு சரி, நம்ம ஆளுக்கு வேறு வேலை இல்லை. ரியூ எவ்வளவு பெரியவன் என்று சொல்ல ஒரு சாமியார் தேவைப்பட்டார், அவ்வளவுதான். அதே கூட்டத்தில் விளையாட்டின் ரகசியச் சண்டைக்காரன் அகுமா ஒரு கணம் முகம் காட்டிவிட்டுப் போகிறான், கண்ணை இமைத்தால் தவறிவிடும்.

நடுப்பகுதிதான் படத்தின் பலவீனம். தலைமை வில்லன் பைசன் தன் இயந்திர மனிதர்களை உலகம் முழுக்க அனுப்பிச் சண்டைக்காரர்களின் பலத்தை அளக்கிறான். ரியூ சிக்கவில்லை, சியாட்டிலில் இருக்கும் அவன் நண்பன் கென் சிக்குகிறான், மூளைச்சலவை நடக்கிறது. இதில் அந்த இயந்திரக் கண் பார்வை திரும்பத் திரும்ப வந்து சலிக்கிறது. சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வில் இருந்த 16 பேருக்கும் ஆளுக்கொரு இடம் கொடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டது போல சாங்கீஃப், பிளாங்கா எல்லாரும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ரியூ ஊமை மாதிரி நடந்துகொண்டே இருக்கிறான். இயக்குநர் கிசபுரோ சுகியி அதற்கு முன்பு பூனைகளை வைத்து மிக அமைதியான ஒரு ரயில் பயணப் படம் எடுத்தவர். அந்த நிதானம் ரியூவும் கென்னும் சிறு வயதில் பயிற்சி செய்த நினைவுக் காட்சிகளில் நன்றாக வேலை செய்கிறது. ரியூவின் தலையில் ரத்தம் வழியும்போது கென் தன் முடியைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்துக் கொடுக்கிறான். ரியூவின் தலைக்கட்டு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடுகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தாலும் இந்த நட்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து என் ஆள், சுன்-லீ. பைசனின் அடியாளான, கையில் இரும்பு நகம் மாட்டிய வேகா அவள் வீட்டுக்குள் நுழைந்து தாக்கும் காட்சிதான் படத்தின் சிறந்த சண்டை என்று உலகமே சொல்கிறது, நானும் சொல்கிறேன். சின்ன வீட்டுக்குள் நடப்பதால் ஒவ்வொரு சாமானும் ஆயுதமாகிறது. நகம் கீறிய இடத்தில் ரத்தம் வழிய, அவள் சோபாவையே தூக்கி அவன்மேல் எறிகிறாள். கடைசியில் அந்த மின்னல் உதை. அவன் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய் விழுகிறான். ஆனால் இந்தச் சண்டைக்கு முன்னால் அவளைக் குளியலறையில் அவ்வளவு நேரம் காட்டியது எதற்கு? இன்டர்போல் அதிகாரி, படத்தில் உருப்படியாக வேலை பார்க்கும் ஒரே ஆள், அவளுக்கா இந்த மரியாதை? இந்தத் தட்டில் அது வெட்டப்படாமல் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். இத்தனையும் செய்தவளை அப்புறம் மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, கடைசிச் சண்டையை ஆண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஜப்பானிய ஒலியை வைத்து ஆங்கில வசன வரியோடு பார்ப்பதே மேல். அமெரிக்கப் பதிப்புக்காகப் பாட்டுகளை மாற்றி கோர்ன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று ராக் இசையைப் போட்டார்கள். சில இடங்களில் எடுபடுகிறது, பல இடங்களில் காதைப் பிளக்கிறது. ஜப்பானிய ஒலியில் ரியோகோ ஷினோஹாராவின் பாட்டு இருக்கிறது. டெட்சுயா கொமுரோ இசையமைத்தது, அங்கே 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரே ஒரு தலைவலி, பெயர்கள். குத்துச்சண்டைக்காரனுக்கு ஜப்பானில் பைசன் என்று பெயர், மைக் டைசன் சாயல். வெளிநாட்டில் வழக்கு வரும் என்று பயந்து மூன்று வில்லன்களின் பெயர்களை இடம் மாற்றிவிட்டார்கள். அதனால் தலைமை வில்லனுக்கு வரியில் ‘பைசன்’ என்று ஓடும்போது காதில் ‘வேகா’ என்று விழும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஹாலிவுட்டும் நடிகர் வான் டாமை அமெரிக்க ராணுவ வீரன் கைல் ஆக்கி ஒரு படம் எடுத்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை.

பள்ளி விடுமுறைக்கு வந்த அண்ணன் மகனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அவன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறவன். அதில் டால்சிம் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாகப் பெரியவர் ஆகிவிட்டார். கல்கத்தா காட்சி வந்ததும், “அத்தை, இது யாரு? தாடி எங்க?” என்றான். அப்போது அவருக்கு வயசு குறைவுடா என்றேன். கைல் பைசனிடம் ஒரு அடி கூட ஒழுங்காகக் கொடுக்காமல் தோற்றபோது, “எங்க கேம்ல கைலைப் பார்த்தா எல்லாரும் ஓடுவாங்க” என்று கோபப்பட்டான். ரியூவும் கென்னும் சேர்ந்து பைசனை அடிக்கும் இடம் வந்ததும்தான் பேச்சு நின்றது. அண்ணனோ மகன் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து டால்சிம் வரும் இடத்தை மட்டும் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார், “இவனை ஜெயிக்க விட்டிருக்கலாம்” என்று முணுமுணுத்தபடி.