285 டயரும் தோட்டத்துக் கேட்டும்

ஹைலக்ஸ் வாங்கப் போகும் என் சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, கம்பெனி ரிம்லயே 285 மில்லி அகல டயர் போட்டிருக்கீங்களே, நானும் போடவா?" கேட்ட நேரம் சரியில்லை. முன் இடதுபக்கம் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, பில்லைக் கட்டிவிட்டு அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்திருந்தேன். "போடாதடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை என்று ராத்திரி தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டியும் ஹைலக்ஸ்தான், டொயோட்டாவின் ஃபோர்வீல் பிக்கப். 17 அங்குல ரிம்மில் 265/65 டயரோடு (அகலம் 265 மில்லி, பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்) வந்தது. எனக்கு வீடு போடியில், ஏலத்தோட்டம் சாந்தன்பாறைப் பக்கம். வாரத்துக்கு மூன்று நாலு தடவை போடிமெட்டு ஏறி இறங்க வேண்டும். தார் ரோட்டில் கம்பெனி டயரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துக்குள் போகும் கடைசி 2 கிலோமீட்டர்தான் சிக்கல். பாதி மண்பாதை, பாதி கான்கிரீட், நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு பாறை. போகும்போதெல்லாம் சக்கர அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் அதில் 'டங்' என்று இடிக்கும். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு 285/70 ஆல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போட்டேன். நாலுக்கும் சேர்த்து 88,000 ரூபாய்.

பழைய டயரின் மொத்த உயரம் 776 மில்லிமீட்டர். புதியது 831. வித்தியாசம் 55 மில்லி என்றாலும் அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும். அதாவது 27 மில்லி. இரண்டு விரற்கடைகூட வராது. ஆனால் அன்றையிலிருந்து அந்தப் பாறை என் வண்டியைத் தொட்டதில்லை. ஜூன் மழையில் எல்4 (ஃபோர்வீலில் லோ கியர்) போட்டு உறுமிக்கொண்டு ஏறிய சேற்று மேட்டில் இப்போது எச்4-லேயே (ஃபோர்வீலில் சாதாரண கியர்) நிதானமாக ஏறுகிறேன். பின்னால் ஏலக்காய் மூட்டைகள் இருந்தாலும் வால் வீசுவதில்லை. அந்த ஒரு மேட்டுக்காக மட்டும் இந்த டயரைக் கும்பிடலாம்.

அப்புறம் கேட்.

அப்பா காலத்தில் ஜீப்புக்கு அளந்து போட்ட கேட் அது. நேராக நுழைய முடியாது. கொஞ்சம் முன்னே போய், ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுசாக ஒடித்து, ரிவர்ஸ் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். டயர் மாற்றிய முதல் நாளே அங்கே 'கர்ர்ர்' என்றது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் பின்விளிம்பு உள்பக்க லைனரில் உரசி, பிளாஸ்டிக்கில் பளபளவென்று ஒரு தடம். மட்ஃபிளாப்பைக் கழற்றினேன். லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளினார்கள். பிறகு அலைன்மென்டில் கேஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வை) மாற்றிச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்கள். பின்னால் உரசுவது குறைந்தது, முன்பக்கம் பம்பர் லைனரில் உரச ஆரம்பித்தது! அங்கேயும் ஒரு கீற்று வெட்டினோம். இப்போது முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே இடத்தில்தான்: முழு ஒடிப்பு, ரிவர்ஸ், கூடவே இடது சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இந்த உலகத்தில் என் கேட் வாசலில் இருக்கும் ஓடைதான். சத்தம் கேட்டதும் ஸ்டோரில் காய் பொறுக்கும் அக்கா ஒருத்தர் குரல் கொடுப்பார்: "முதலாளி வண்டி இருமிருச்சு, டீயைப் போடுங்க."

லிஃப்ட் கிட் போடலாமே என்பார்கள். உயர்த்துவது ஓரளவுக்கு உதவும். முழு ஒடிப்பில் உரசுவது அதனால் மட்டும் போகாது. நான் போடவில்லை.

ரிம்மை மாற்றாதது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம். வெளியே துருத்தும் ரிம் போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பேரிங்குக்குச் சுமை ஏறும், கதவெல்லாம் சேறு அடிக்கும், ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டு இன்னும் அதிகமாக உரசும். கம்பெனி ரிம்மின் அகலம் 7.5 அங்குலம். 285/70-க்கு அனுமதிக்கப்பட்டது 7.5 முதல் 9 வரை. கீழ் எல்லையில் நிற்கிறோம் என்று அர்த்தம். டயரின் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட, நடுப்பகுதி தொப்பை மாதிரி தள்ளும். பெரிய டயர் என்று பஞ்சர் கடையில் 38 பிஎஸ்ஐ அடித்துவிட்டார்கள். எனக்குச் சந்தேகம். பையனின் சாக்பீஸால் டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, வாசலில் பத்தடி உருட்டிப் பார்த்தேன். நடுவில் கோடு அழிந்திருந்தது, இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே நின்றது. காற்றை இறக்கி இறக்கி நாலைந்து தடவை உருட்டியதில் முன்னால் 30, பின்னால் காலி வண்டிக்கு 28, லோடுக்கு 36 என்று நின்றேன். என் வண்டிக்கான கணக்கு இது. அவரவர் டயரில் கோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எடை இன்னொரு விஷயம். மூட்டை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன். ரிம்மோடு பழைய சக்கரம் 28 கிலோ, புதியது 37. இந்த 9 கிலோவை ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டு வாங்குவது பால் ஜாயின்ட்தான். "டயர்தான் காரணம்" என்றார் மெக்கானிக். எங்கள் ரோட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி. ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் போன வளைவுகளில் இப்போது இரண்டாவது. இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் ஒரு சுற்றுக் குறைவு, பிரேக்கைச் சீக்கிரமே தொட வேண்டியிருக்கிறது.

மீட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரர்கள் ஸ்பீடோமீட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வைப்பார்கள். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது விதி. முன்பு மீட்டரில் 80 என்றால் ஜிபிஎஸ்ஸில் 77. இப்போது அதே 80-க்கு 82. ஓடோமீட்டர் 7 சதவீதம் குறைத்து எண்ணுகிறது. மைலேஜ் 9.2 என்று காட்டினால் உண்மையில் 9.8. முன்பு 11.4 கிடைத்தது, ஆக நஷ்டம் நஷ்டம்தான்.

ஆனால் என்னை உண்மையில் கடுப்பாக்கியது ஸ்டெப்னி. அது இன்னும் பழைய 265. போன ஆகஸ்டில் மண்பாதையில் பின்டயரில் கம்பி குத்தி, சைடு கிழிந்தது. பின்னால் இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, முன்சக்கரத்தைப் பின்னால் போட்டு, மழையில் ஒன்றரை மணிநேரம். அதற்கப்புறம்தான் உறைத்தது: முன்னும் பின்னும் சுற்றளவு வேறு, இதில் ஃபோர்வீல் போடக் கூடாது. சேற்றில் சமாளித்துவிடலாம், சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். மேலே கான்கிரீட் ஏற்றத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொண்டால் யார் பதில் சொல்வது? டூவீலில் முயன்றேன், சேற்றிலேயே நின்றுவிட்டது. கடைசியில் வேலையாள்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு பழைய ஜீப் கயிறு போட்டு இழுத்தது. அதன் டயர் 6.00-16, என் டயரில் ஏறக்குறையப் பாதி அகலம்தான். டிரைவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுத் தண்டி டயரைப் போட்டுட்டு நிக்கிறீகளேண்ணே." பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் 88,000 கொடுத்தேன்.

காகிதப்படியும் இது சிக்கல். கம்பெனி குறிப்பிட்ட அளவுகளில் 285 கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இந்த மாதிரி மாற்றங்களைப் பற்றித்தான் பேசுகிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் பார்ப்பார்.

ஆகவே தம்பி, போடாதே. ரொம்ப ஆசையாக இருந்தால் 265/70 என்று ஒன்று இருக்கிறது. 803 மில்லி உயரம், 13 மில்லி தூக்கும், இதே ரிம்மில் தொந்தரவில்லாமல் உட்காரும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கு.

என் டயரில் நடுவில் 5 மில்லி, ஓரத்தில் 7 மில்லி பட்டன் உயரம் மிச்சம் இருக்கிறது. மீட்டர் கணக்கில் 41,000 ஓடியிருக்கிறது, நிஜத்தில் 44,000-க்குப் பக்கம். அடுத்த இடவப்பாதி (ஜூன்) மழைவரை வரும். போன மாதம் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. கேட் பக்கத்தில் இருக்கும் ஓடைக்கு ஸ்லாப் போட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.