வீட்டில் மினி மில்லிங் மெஷின்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

சுற்றும் கட்டரால் உலோகத்தைச் சீவி வடிவமைக்கும் சீனத் தயாரிப்பு மினி மில்லிங் மெஷின் ஒன்றைச் சில வருடங்களாக வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து ஓட்டுகிறேன். 350 வாட் மோட்டார், எம்டி3 ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு, எம்டி3 என்பது அதன் கூம்புத் துளையின் அளவு), எடை 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலும் அலுமினியம், சில சமயம் மைல்ட் ஸ்டீல். புதிதாக வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "ஒரே பாஸில் (கட்டரை ஒருமுறை ஓட்டுவதில்) எத்தனை மில்லிமீட்டர் வெட்டும்?" என்றுதான். ஜாபை, அதாவது வெட்டப்போகும் துண்டை, எதில் பிடிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மெஷினில் பாழாகும் வேலைகளில் பாதிக்கு மேல் பிடிமானத்தில்தான் போகிறது.

டிரில்லிங் மெஷினுக்கு விற்கும் மலிவு வைஸை (இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் சாதனம்) மாட்டி மில்லிங் செய்ய முடியாது. இறுக்கும்போது நகரும் தாடை லேசாக மேலே தூக்கும், அதோடு ஜாபும் தூக்கும். மேல்பக்கம் வழவழப்பாக வந்திருக்கும், திருப்பி வைத்து அளந்தால் ஒரு ஓரம் தடிமனாக இருக்கும். நல்ல வைஸ், ஜாபுக்கு அடியில் ஒரு ஜோடி பாரலல் (ஒரே உயரமுள்ள எஃகுப் பட்டைகள்), இறுக்கியபின் நைலான் சுத்தியலால் ஒரு தட்டு. அடியில் உள்ள பாரலல் விரலுக்கு அசையக் கூடாது. வைஸ் இல்லாமல் டேபிளிலேயே கிளாம்ப் போட்டுப் பிடித்தால் போல்ட் ஜாபுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளாம்பின் பின்முனையைத் தாங்கும் படிக்கட்டு போன்ற ஸ்டெப் பிளாக்குக்குப் பக்கத்தில் போனால் எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் பிளாக்குக்குத்தான் போகும்.

கட்டரைப் பிடிப்பதிலும் இதே கதைதான். டிரில் சக்கில் (துளையிடும் பிட்டைப் பிடிக்கும் பிடி) எண்ட்மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) மாட்டி ஓட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நம்ப வேண்டாம். சக் மேலிருந்து கீழே வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் இழுத்தால் எண்ட்மில் மெல்லக் கீழே இறங்கி, கேட்டதைவிட ஆழமாக வெட்டும். சமயத்தில் சக்கே அது செருகியிருக்கும் கூம்பான டேப்பரிலிருந்து கழன்று, சுற்றிக்கொண்டே விழும். கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கல்லெட் செட் வாங்கும்வரை மில்லிங்கைத் தள்ளிப்போடலாம்.

அப்புறம் வெட்டும் திசை. கட்டரின் பல் ஜாபைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கம் போகிறதோ, அதே பக்கம் டேபிளையும் நகர்த்தினால் ஃபினிஷ் அழகாக வரும். அந்த அழகில்தான் ஆபத்து. சின்ன மெஷின்களில் டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் பேக்லாஷ் (மரைக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு) இருக்கும், டேபிளும் எடை குறைவு. கட்டர் ஜாபைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அந்தத் தளர்வு அளவுக்கு டேபிள் சட்டென்று பாயும், எண்ட்மில் உடையும். எதிர்த்திசையில் வெட்டுங்கள். தேவையில்லாத அச்சை லாக் செய்யுங்கள். கடைசிப் பாஸில் 0.1 மி.மீ. மட்டும் அந்த அழகுக்காக ஒதுக்கலாம்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டரில் மைல்ட் ஸ்டீல் என்றால் நிமிடத்துக்கு 800 சுற்று போதும், ஆழம் அரை மில்லிமீட்டர். அலுமினியத்துக்கு இந்த மெஷினின் உச்சமான 2500 வரை போகலாம், ஆனால் இரண்டு பல் கட்டர் வேண்டும். மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40ஓ தடவாமல் ஓட்டினால் அலுமினியம் சூட்டில் இளகிப் பல்லிடுக்கில் ஒட்டி, வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்க ஆரம்பிக்கும். பிரஷால் தடவும்போது சில்லு (சீவிய உலோகத் துணுக்கு) வெளியே வரும் பக்கமாகத் தடவுங்கள். உள்ளே போகும் பக்கம் வைத்தால் பிரஷைப் பிடுங்கிக்கொள்ளும்.

தலைப்பகுதிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் பற்றி எல்லோரும் குறை சொல்கிறார்கள். கட்டர் சிக்கினால் உடையும், உண்மைதான். எனக்கு அது ஃப்யூஸ் மாதிரி. அது உடையாவிட்டால் வேறு பெரிய சாமான் உடைந்திருக்கும். ஆனால் ஒற்றைப் பல் உள்ள ஃப்ளை கட்டர் போல விட்டுவிட்டு அடிக்கும் வேலைக்கு அது தாங்கவே தாங்காது. பெல்ட் டிரைவுக்கு மாற்றியபின் சத்தமும் பாதியாகக் குறைந்தது, சிக்கினால் பெல்ட் வழுக்கிவிடுகிறது.

பாதுகாப்பில், மெஷின் சின்னது என்பதே முதல் எதிரி. ஸ்டீலில் ஒரு மில்லிமீட்டர் வெட்டத் திணறும் அதே மோட்டாருக்கு விரல் பெரிய விஷயமில்லை. வீட்டில் லுங்கியோடும் தோளில் துண்டோடும் ஷெட்டுக்குள் நுழைவது வழக்கம். துண்டை வெளியே வையுங்கள், லுங்கியை மாற்றுங்கள். மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு, கழுத்துச் சங்கிலி, மோதிரம், எல்லாமே கழற்ற வேண்டியவை. கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் பிடித்த இடத்தில் சட்டென்று அறுந்துவிடும் மெல்லிய நூலாகவாவது கட்டிக்கொள்ளலாம் என்பார்கள், எனக்கு அதிலும் சம்மதமில்லை. கையுறை கூடவே கூடாது. சில்லு கீறினால் தோலோடு போகும், கையுறை சிக்கினால் கையே உள்ளே போகும்.

நம் ஊரில் கட்டாயம் கவனிக்க வேண்டியது கரண்ட் கட். வேலை நடுவில் மின்சாரம் போய்விடும், கட்டர் ஜாபுக்குள்ளேயே நிற்கும். ஜாபைச் சரிசெய்யலாம் என்று கையை உள்ளே விட்ட நேரத்தில் கரண்ட் வந்தால்? சாதாரண சுவிட்ச் போட்ட மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் இருந்தால் பச்சைப் பொத்தானைத் திரும்ப அழுத்தும்வரை ஓடாது. உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று பார்க்க, கட்டர் இல்லாமல் ஓடவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டாலே தெரிந்துவிடும். கூடவே எர்த்திங்கும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள்.

வெறுங்காலோடு நடக்கும் வீடுகளில் சில்லு இன்னொரு தலைவலி. ரப்பர் செருப்பின் அடியில் குத்திக்கொண்டு ஹாலுக்கே வரும். ஷெட்டுக்கென்று ஒரு ஜோடி ஷூ வைத்து, அதை வாசலிலேயே விட்டுவிடுகிறேன். காற்றடித்துச் சுத்தம் செய்வதில்லை, சில்லு கண்ணுக்கும் டேபிள் வழுக்கி நகரும் ஸ்லைடுக்கும் நேராகப் போகிறது. பிரஷ் போதும். கண்ணாடி போடுபவர்கள்கூட அதன்மேல் பக்கமறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

மறுபடி வாங்குவதென்றால் இதையே வாங்குவேனா? சாய்க்கும் காலம் (column, தலைப்பகுதியைத் தாங்கும் தூண்) உள்ள மாடலை வாங்க மாட்டேன். பின்னால் இருக்கும் ஒற்றை நட்டுதான் முழுத் தலையையும் தாங்குகிறது. பெரிய பாஸ் போட்டால் அசைகிறது, டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் முள் கருவி) வைத்து மறுபடி நேராக்க வேண்டியிருக்கிறது. அசையாத தூணும் பெல்ட் டிரைவும் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலைக்கும் வாங்கலாம். வைஸ், கல்லெட், பாரலல், கிளாம்ப் செட், டயல் கேஜ் இவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எந்த மெஷின் கிடைக்கிறது என்று பாருங்கள்.