'அ மான்ஸ்டர் கால்ஸ்': வகுப்பில் நடத்தத் தோதான நாவல்தானா?

இழப்பைப் பற்றிய சிறார் நாவல் என்றாலே, கதை தொடங்கும் முன்போ முதல் சில அத்தியாயங்களிலோ யாராவது இறந்திருப்பார்கள். மீதிக் கதை தேறி வருவதைச் சொல்லும். பேட்ரிக் நெஸ் எழுதி 2011-ல் வெளிவந்த இந்த நாவல் அந்த ரகத்தில் சேராது. 13 வயது கானரின் அம்மா கடைசி வரியிலும் உயிரோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு சிகிச்சையாகக் கைவிட்டுக்கொண்டே போகிறது, பெரியவர்கள் பூசி மெழுகுகிறார்கள், பையனுக்கு மட்டும் உள்ளுக்குள் எல்லாம் தெரிந்திருக்கிறது. 'மரணத்தை எதிர்கொள்வது' என்று கரும்பலகையில் தலைப்புப் போட்டுத் தொடங்கும் ஆசிரியர் முதல் நாளே தடம் மாறிவிடுவார். இது காத்திருப்பின் கதை. நள்ளிரவு தாண்டி 12:07-க்கு யூ என்னும் ஊசியிலை மரம் ஒன்று அரக்கனாக எழுந்து வந்து மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவதைக் கானர்தான் சொல்லியாக வேண்டும்.

12 முதல் 14 வயது வகுப்புக்குப் பொருந்தும். அத்தியாயங்கள் சின்னவை, மொழி எளிது. முழுவதையும் உரக்கப் படிக்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும் என்பதால், பேச்சுக்கும் எழுத்துக்கும் சேர்த்து 45 நிமிட பீரியட் 14 ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். புற்றுநோய், சாகும் தறுவாயில் ஒரு தாய், பள்ளியில் அடிதடி ஆகிய மூன்றையும் சுற்றி வளைக்காமல் அதில் எழுதிவிடுங்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தக் கடிதத்துக்கு வரும் பதிலில்தான் தெரியும். வகுப்பில் அண்மையில் ஒரு சாவு நேர்ந்திருந்தால் இந்த ஆண்டுக்கு வேறு நாவலைப் பார்ப்பது நல்லது.

வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு பத்தி படிக்கச் சொல்லும் பழக்கம் இங்கே ஆபத்து. எந்த வரி யார் தலையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியரே படிக்கட்டும். எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளை மேசை ஓரத்தில் ஓர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம், காரணம் கேட்பதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அதற்காக, அம்மாவோ அப்பாவோ நோயில் இருக்கும் பிள்ளையிடம் கேள்வியே கேட்காமல் ஒதுக்கிவிடவும் கூடாது. கானரின் பள்ளியில் அவனுக்கு நடப்பது அதுதான்: பரிதாபப்பட்டுப் பரிதாபப்பட்டே அவனைக் கண்ணுக்குத் தெரியாதவனாக்கிவிடுகிறார்கள்.

கதைக்குள் கதைகள்தான் பாடம் நடத்தக் கிடைக்கும் பெரிய சொத்து. முதல் கதை இரண்டு அத்தியாயங்களாக உடைத்துத் தரப்பட்டிருக்கிறது. அந்த உடைப்பிலேயே நிறுத்துங்கள். இளவரசன் காதலித்த குடியானவப் பெண்ணைக் கொன்றது யார் என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சீட்டில் சூனியக்காரி ராணி என்றுதான் இருக்கும். மறுநாள் மீதியைப் படித்ததும், கொன்றவன் இளவரசன்தான், அவனே பிறகு மக்கள் கொண்டாடும் அரசனாகவும் ஆனான் என்று தெரியும்போது வகுப்பு கொதிக்கும். "அப்போ நீதி என்ன?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதிலாக ஒரு நீதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் மீதிப் புத்தகம் வீண். இதே கேள்வியைத்தான் கானரும் மரத்திடம் கேட்டுச் சலிக்கிறான்.

இரண்டாம் கதையின் முடிவில், ஒரு பாதிரியாரின் வீட்டை இடிக்கும் அரக்கனோடு சேர்ந்து கானரும் ஆவேசமாக உடைக்கிறான். நினைவு திரும்பும்போது நொறுங்கிக் கிடப்பது பாட்டியின் வரவேற்பறை. பாட்டி உள்ளே வருகிறார், பார்க்கிறார், அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் எழுகிறது. பிறகு, உடையாமல் மிஞ்சி நின்ற ஒரே ஒரு கண்ணாடி அலமாரியை அவரே சாய்த்துத் தள்ளுகிறார். இந்த ஒரு பக்கத்துக்கு முழு பீரியட் கொடுக்கலாம். இரண்டு முறை படியுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாட்டி ஏன் திட்டவில்லை? 'அவரும் ஒரு பெண்ணைப் பெற்ற அம்மாதானே' என்று ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து வரும் வரை காத்திருங்கள். அப்பாவும் தண்டிப்பதில்லை. பின்னால், பள்ளியில் தன்னை வம்பிழுக்கும் ஹாரியைக் கானர் அடித்து மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு தலைமையாசிரியையும் தண்டிப்பதில்லை. தண்டனைக்காக அவன் ஏன் ஏங்குகிறான் என்ற கேள்வியை அப்போதே நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விடை நான்காவது கதையில் இருக்கிறது.

அந்த நான்காவது கதையை வீட்டில் படித்து வரச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடிலும் வைக்காதீர்கள். அதில் வெளிவருவது இது: அம்மாவின் கையைக் கானரே விட்டான், எல்லாம் முடிந்தால் போதும் என்று ஒரு மனம் விரும்பியது, ஆனாலும் அவர் பிழைக்க வேண்டும் என்பதும் பொய்யில்லை. இதைக் கேட்ட பிள்ளைகள் பேச மறுநாளும் பள்ளி இருக்க வேண்டும்.

அடுத்து வரும் சறுக்கல், 'உன் நான்காவது கதையை எழுது' என்ற பயிற்சி. நாவலிலேயே திருமதி மார்ல் தம் வகுப்புக்குச் சொந்த வாழ்க்கையை எழுதும் வேலை கொடுக்கிறார். அது கானருக்கு எப்படி இருந்தது என்பதைப் படித்து முடித்த கையோடு அதையே நாமும் கொடுப்பது என்ன நியாயம்? அலமாரி சாய்ந்த அடுத்த ஒரு மணி நேரத்தைப் பாட்டியின் பார்வையில் 150 சொற்களில் எழுதச் சொன்னால், சொல்ல இருப்பவர்கள் அதற்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள்.

யூ மரம் அறிவியல் ஆசிரியருக்கும் தீனி. ஏறக்குறைய முழு மரமும் நஞ்சு. ஆனால் புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல், பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கானரின் அம்மாவுக்குக் கடைசியாகத் தரப்படும் மருந்தும் யூ மரத்திலிருந்து வருவதே. "அப்புறம் ஏன் அது கைகொடுக்கவில்லை?" என்று கேட்பார்கள். ஒரே மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்று நேராகச் சொல்லிவிடுவது மேல்.

குறைகளும் உண்டு. வம்பிழுக்கும் பையன்களில் ஹாரியைத் தவிர மற்றவர்கள் வெறும் நிழல். அமெரிக்காவிலிருந்து வந்து போகும் அப்பா அட்டையில் வெட்டிய உருவம்.

நாவலின் கரு ஷிவோன் டவ்ட் என்ற எழுத்தாளருடையது. 2007-ல் அவர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இந்தத் தகவலைக் கடைசிப் பக்கம் முடியும் வரை வகுப்பில் சொல்லாதீர்கள். முன்பே சொன்னால் வரிக்கு வரி அவரையே தேட ஆரம்பித்துவிடுவார்கள். 2016-ல் வந்த திரைப்படத்தையும் முடிவில் வையுங்கள். நூல் திறந்தே விட்டுவைத்த இடத்தில், அம்மாவின் ஓவிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து படம் முடிச்சுப் போடுகிறது.

வாங்கும்போது ஜிம் கேயின் ஓவியங்கள் உள்ள பதிப்புதானா என்று பாருங்கள். படமில்லாத பதிப்பும் விற்பனையில் இருக்கிறது. எழுத்துக்கான கார்னகி பதக்கம், ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கம் இரண்டையும் 2012-ல் சேர்த்து வாங்கிய நூல் இது. மை சிதறிய அந்தக் கறுப்பு ஓவியங்கள் எழுத்தின் ஓரங்களுக்குள் நுழைந்துவரும். எல்லாருக்கும் வாங்க முடியாவிட்டால், ஓவியப் பதிப்பு இரண்டு பேருக்கு ஒன்று போதும்.